அறுநூற்று நாற்பத்தொரு மேடைகள்

டெல்பின் மச்சாது அந்த இணையதளத்தைத் தொடங்கியபோது அவளுக்கு வயது இருபத்து நான்கு. தூத்துக்குடியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஆறரைக்குப் போனால் மதியம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். மிச்ச நேரம் முழுக்கக் கல்லுப்புக்குத்தான்.

கல்லுப்பு ஒரு ராக் இசைக்குழு. நான்கு பேரும் உப்பளத்தை ஒட்டிய தெருக்களில் வளர்ந்தவர்கள். வருஷத்தில் முப்பது, முப்பத்தைந்து கச்சேரி. கல்லூரி மைதானம், கோயில் கொடை, மாதா திருவிழா, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என்று வேனிலும் விமானத்திலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். பாடகர் சேந்தன். அவர் குரலில் லேசாக ஒரு கரகரப்பு உண்டு. ஒரு வாரமாகச் சளி பிடித்தவர் பாடுவது மாதிரி இருக்கும். அதற்காகவே கூட்டம் வந்தது.

தளத்தின் பெயர் 'ஊர் ஊராகக் கல்லுப்பு'. ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பக்கம். தேதி, ஊர், எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, எப்போது கம்பி அறுந்தது, பாட்டுக்கு நடுவில் சேந்தன் என்ன பேசினார், எல்லாம் இருக்கும். அவள் எங்கே நின்றாள், என்ன சாப்பிட்டாள், எந்த பஸ்ஸைத் தவறவிட்டாள் என்பதும் இருக்கும். இதையெல்லாம் எழுதினால்தான் படிக்கிறவனும் கூட வந்த மாதிரி இருக்கும் என்று மகேந்திரன் சொல்லியிருந்தார். பினாங்குத் துறைமுகத்தில் வேலை செய்தபடி, தளத்தின் கணினி வேலைகளைச் சும்மாவே பார்த்துக்கொடுத்தவர் அவர். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. அவளால் போக முடியாத கச்சேரிகளுக்கு அந்தந்த ஊர் ரசிகர்களைப் போனில் பிடித்து, ஒரு மணி நேரம் துருவிக் கேட்டு எழுதுவாள். பத்தொன்பது வருஷத்தில் அறுநூற்று நாற்பத்தொரு பக்கங்கள் சேர்ந்தன.

தளத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. குழுவினர் மேடையை விட்டு இறங்கிய பிறகு அவர்கள் வாழ்க்கையில் நடப்பது எதையும் எழுதக் கூடாது.

அது ஐந்தாம் வருஷம் வந்த சட்டம். யாரோ ஒரு ரசிகன் சேந்தனின் மகளைப் பள்ளிக்கூட வாசலில் படம் பிடித்துத் தளத்தில் போட்டுவிட்டான். ஐந்து வயதுக் குழந்தை. அரைமணி நேரத்தில் அதற்குக் கீழே நானூறு பேர் எழுதியிருந்தார்கள். சிலர் எழுதியது வாசிக்கிற மாதிரி இல்லை. சேந்தனின் மனைவி வனஜா எப்படியோ நம்பர் வாங்கி டெல்பினைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. "எம் பிள்ளைய விட்ருங்கம்மா" என்று மட்டும் சொன்னார். பத்து நிமிஷத்தில் டெல்பின் அந்தப் படத்தை எடுத்துவிட்டாள். அதோடு நிற்காமல், பழைய பக்கங்களில் மகளைப் பற்றி இருந்த ஒவ்வொரு வரியையும் தேடித் தேடி அழித்தாள். தன் வாழ்க்கையில் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல் என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

பத்தொன்பதாம் வருஷம், ஹூப்ளியில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் சேந்தனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. இருபத்தாறு நாள் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். பேச்சு வந்தது, நடை வந்தது, கிதாரைக் கையில் கொடுத்தால் விரல் தானாக ஓடியது. ஆனால் கடந்த இருபது வருஷத்தில் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. கண்ணாடியைப் பார்த்து, யார் இந்த வயசான ஆள் என்று நர்ஸிடம் கேட்டாராம்.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து டாக்டர் கமருன்னிஸா டெல்பினைக் கூப்பிட்டார். நரம்பு மருத்துவர். நினைவுத்துணை என்ற கருவியைப் பற்றி அவள் ஏற்கெனவே செய்தியில் படித்திருந்தாள். காதுக்குப் பின்னால் ஒரு பொத்தான் அளவில் இருக்கும். முதுமையில் மறதி வந்தவர்களுக்குக் குடும்பத்தார் எழுதிவைத்ததையும் பதிவுசெய்ததையும் அதற்குள் ஏற்றுவார்கள். அது மூளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும். சில வாரத்தில் மூளை அதைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும்.

"படம் மட்டும் போட்டா ஒட்டாது" என்றார் டாக்டர். "யாரோட படத்தையோ பார்த்த ஞாபகம்தான் வரும். முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சு, வெயிலா மழையா, என்ன வாசனை அடிச்சுது, இதெல்லாம் எழுத்துல இருக்கணும். எந்தக் குடும்பத்துலயும் இருபது வருஷத்த இப்படி எழுதி வைக்கிறதில்ல. நீங்க வைச்சிருக்கீங்க. குடுப்பீங்களா?"

டெல்பின் சம்மதித்துவிட்டுச் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் அம்மா காரணம் கேட்டார். சந்தோஷம்தான் என்று சொன்னாள்.

வேலை செய்தது. முதல் மாத முடிவில் சேந்தன் கோலாலம்பூர் மழையைப் பற்றிப் பேசினார். இரண்டாம் மாதம் குழுவில் மற்ற மூவரையும் கண்டதும் பழைய மாதிரி கிண்டல் செய்தார். மூன்றாம் மாதம் டாக்டர் டெல்பினை வரச் சொன்னார்.

பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் சேந்தனோடு உட்கார்ந்து பேசினாள். அவரும் ரொம்ப நாள் பழகியவர் மாதிரிதான் பேசினார். ஒரு விஷயம் மட்டும் விசித்திரமாக இருந்தது. தான் பாடியதை அவர் கீழேயிருந்து பார்த்த மாதிரி நினைவுவைத்திருந்தார். மேடைக்கு இடதுபக்கம் கூட்டத்தில் நிற்கிறார். முன்னால் ஒருவன் தலையை ஆட்டி ஆட்டி மறைக்கிறான். எட்டிப் பார்த்தால் மேலே ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார், அதுவும் அவர்தான். எழுதியவள் கீழே நின்றவள், அதனால் அப்படித்தான் வரும் என்று டாக்டர் விளக்கினார். சேந்தனுக்கு அதில் குறையில்லை. பாடகனாக இருப்பதை விட ரசிகனாக இருப்பது சுகமாக இருக்கிறது என்றார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில அம்மாவச் சேர்த்திருந்தோம் இல்ல? நான் வராந்தாவுல நின்னு போன்லயே கச்சேரி கேட்டேன். அதுக்கப்புறம் என்னாச்சுன்னு வரவே மாட்டேங்குது. அம்மா பிழைச்சாங்களா?"

டெல்பினுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அது எங்க அம்மாண்ணே. நல்லாயிட்டாங்க. இப்பவும் எங்கூடதான் இருக்காங்க."

சேந்தன் பெருமூச்சு விட்டார். வாரக்கணக்காக அந்தக் கவலையோடு இருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டெல்பின் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பத்தொன்பது வயது இருக்கும். மீன்வளக் கல்லூரிச் சீருடை மாதிரி ஒரு வெள்ளைச் சட்டை. தன் பெயர் அலர்விழி என்று சொன்னாள். டெல்பினுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அந்தப் பெயரைப் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள்தான் தேடித் தேடி அழித்திருந்தாள்.

உட்காரவைத்தாள். அலர்விழியின் அம்மாவும் அப்பாவும் அவளுடைய ஒன்பதாவது வயதில் பிரிந்துவிட்டார்கள். அம்மா வனஜா மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். இப்போது அவள் பெரியம்மா வீட்டில் இருந்து படிக்கிறாள். அப்பாவை வாரம் ஒருமுறை சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். இவள்தான் உங்கள் மகள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவும் நம்புகிறார். ஆனால் ஒரு செய்தியை நம்புகிற மாதிரி நம்புகிறார்.

"நான் போனா எந்திரிச்சு நிக்காரு ஆன்ட்டி" என்றாள். "'வாங்க, உட்காருங்க, காலேஜ்லாம் எப்படிப் போகுது உங்களுக்கு'ன்னு கேக்காரு. எங்கப்பா என்னைய நீங்க வாங்கன்னு கூப்பிடுதாரு."

டெல்பின் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க சைட் முழுக்கத் தேடுனேன். அறுநூறு பக்கத்துலயும் என் பேரு ஒரு இடத்துல கூட இல்ல."

"உங்கம்மா கேட்டுக்கிட்டாங்கம்மா."

"தெரியும். அம்மா சொல்லிருக்காங்க. உங்களப் பத்தி எப்பவும் நல்லவிதமாத்தான் சொல்வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அதான் கோபப்படவும் முடியல" என்றாள்.

பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பதினான்கு சம்பவங்களை எழுதிவைத்திருந்தாள். அப்பா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. எந்த ஊரில் இருந்தாலும் மாலை ஆறு மணிக்கு போன் செய்தது. இரண்டாம் வகுப்பில் பள்ளி ஆண்டுவிழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியது. நன்றாக எழுதியிருந்தாள். தெருவின் சாய்வு, சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்த பாவாடை, எல்லாம் இருந்தது. படித்து முடித்ததும் டெல்பின் மறுபடி முதல் பக்கத்துக்கே திரும்பினாள்.

"இதெல்லாம் நடந்ததா?" என்று கேட்டாள்.

அலர்விழி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இல்ல."

இவற்றைத் தளத்தில் ஏற்றிவிட்டால் போதும், ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கே யாரும் சரிபார்க்கப் போவதில்லை. டெல்பினின் தளத்தில் இருப்பது உண்மை என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. டெல்பினுக்கும் கை துறுதுறுத்தது. இந்தப் பெண்ணின் பெயரை அழித்தவளே திரும்ப எழுதிவிட்டால் என்ன? யாருக்கு நஷ்டம்? எழுந்து போய் டீ போட்டாள். டீ கொதிக்கும் வரை யோசித்தாள். திரும்பி வந்தபோது முடிவுசெய்திருந்தாள்.

"நான் எழுதிருவேன்" என்றாள். "அவருக்கு அதெல்லாம் நடந்ததா ஆயிரும். உனக்கு ஆகாது பாத்துக்கோ. அவரு உன்னப் பாத்து, சைக்கிள் கத்துக்குடுத்தேன்ல, ஆண்டுவிழாவுக்கு வந்தேன்ல அப்படிம்பாரு. நீ ஆமான்னு தலையாட்டணும். இன்னும் முப்பது வருஷம் ஆட்டணும். உன்னால முடியுமா?"

அலர்விழி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியது.

"வேற என்னதான் இருக்கு ஆன்ட்டி?" என்றாள் கடைசியில். "நடந்ததுன்னு பாத்தா, அவரு வராதது மட்டும்தான் நடந்துது."

"அப்ப அதையே எழுது."

அன்றிலிருந்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டாள். டெல்பினின் அம்மா மீன்குழம்பு வைத்துப் போடுவார். சாப்பிட்டதும் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து எழுதுவார்கள். ரசிகர்களைத் துருவிக் கேட்டுப் பழகிய டெல்பின் இவளையும் விடவில்லை. அன்று என்ன சட்டை போட்டிருந்தாய், பக்கத்தில் யார் இருந்தார், எதன் வாசனை வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க, அப்பா வந்த நாட்களும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒருமுறை மூன்று நாள் வீட்டில் தங்கி உப்புமாவைத் தீய்த்துவிட்டு, அதையே வடை என்று சொல்லிப் பரிமாறியிருக்கிறார். அவளுக்கு அம்மை போட்டிருந்தபோது வாசலில் நின்று, உள்ளே வரக் கூடாது என்பதால், ஜன்னல் வழியாக அரைமணி நேரம் பாடியிருக்கிறார். இதெல்லாம் தனக்கே மறந்துபோயிருந்தது என்றாள் அலர்விழி. வராத நாட்கள் அதிகம், வந்த நாட்கள் குறைவு. இரண்டையும் எழுதினார்கள்.

எழுதுவதில் ஒரே ஒரு பிடிவாதம் அவளுக்கு. 'அலர்விழி' என்று மூன்றாம் ஆளாக எழுத வரவில்லை. 'நான்' என்றுதான் எழுதுவேன் என்றாள். டாக்டரிடம் கேட்டபோது அவரும் யோசித்தார். இதுவரை யாரும் ஒரு குழந்தையின் வார்த்தையில் எழுதிக் கொடுத்ததில்லை, எப்படிப் போய் ஒட்டும் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் கெடுதல் எதுவும் வராது என்றார். மகேந்திரன் தளத்துக்குள் பூட்டிய அறை மாதிரி ஒரு பகுதியை உண்டாக்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி மட்டும்தான் அதைத் திறக்க முடியும். இருபத்திரண்டு பக்கங்கள் அதற்குள் போயின.

நான்கு வாரம் கழித்து டாக்டர் இருவரையும் வரச் சொன்னார். பகல் ரயிலில் போனார்கள்.

தோட்டத்தைப் பார்த்திருந்த அறையில் சேந்தன் கிதாரின் கம்பியை மாற்றிக்கொண்டிருந்தார். அலர்விழியைக் கண்டதும் வழக்கம்போல எழுந்து நின்றார். "வாங்க" என்றார். அவள் முகம் விழுந்துவிட்டது. மூலையில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

சேந்தன் டெல்பின் பக்கம் திரும்பினார். புதிதாக ஒரு கச்சேரி ஞாபகம் வந்திருக்கிறது, அது எந்த ஊர் என்று தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

"மத்த மேடை எல்லாத்தையும் கீழேருந்துதான பாத்திருக்கேன். இது ஒண்ணுதான் மேலேருந்து. நான் மேடையில நிக்கேன். தலையில அட்டையில செஞ்ச மீன் ஒண்ணு மாட்டிருக்காங்க. பசை வாசம். காதுக்கிட்ட அரிக்குது, சொறியக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க."

டெல்பின் திரும்பி அலர்விழியைப் பார்த்தாள். அவள் நாற்காலியின் கையைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டாவது வரிசையில ஒரு அம்மா" என்றார் சேந்தன். "பக்கத்து நாற்காலியில கைப்பைய வைச்சிட்டு யாரையும் உட்கார விடல. ஆள் வருது, ஆள் வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுதாங்க. நான் அந்த நாற்காலியத்தான் பாத்துட்டே நிக்கேன். பாட்டு ஆரம்பிச்சிட்டுது. ஆள் வரல. தொண்டை அடைச்சு, பாட்டே மறந்துபோச்சு. எத்தனையோ ஊர்ல ஆயிரம் ஆயிரமாப் பேர் வந்து நின்னிருக்காங்க. அந்த ஒரு ஆள் வரலைங்கிறது என்னால தாங்க முடியல." கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார். "யாருங்க அவன்? ஏன் வரல? நெனைச்சா இப்பக்கூட அவன் மேல கோபமா வருது."

அலர்விழிதான் சொன்னாள்.

"நீங்கதான்ப்பா அது."

"நான்தான மேடையில நின்னேன்?"

"இல்லப்பா. நின்னது நான். நாற்காலி உங்களுக்குப் போட்டது."

சேந்தன் அவளையே பார்த்தார். தோட்டத்தில் யாரோ செடிக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. பிறகு டெல்பினிடம், அப்படியானால் அன்றைக்குத் தான் எங்கே இருந்தேன் என்று கேட்டார்.

தேதியைப் பார்க்க அவளுக்குத் தளம் தேவைப்படவில்லை. "விருதுநகர்ல ஒரு காலேஜ். மத்தியானக் கச்சேரி. நாலு மணிக்கே முடிச்சிட்டீங்க. ஊர்ல ஒரு வேலை இருக்கு, ஏழு மணிக்குள்ள போகணும்னு மைக்லயே சொன்னீங்க. நாங்க விடல. வேன் முன்னால உட்கார்ந்துக்கிட்டோம். திரும்பி வந்து இன்னும் அஞ்சு பாட்டுப் பாடுனீங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "மொதல்ல போய் உட்கார்ந்தது நான்தாண்ணே. என்ன வேலைன்னு அப்பத் தெரியாது."

கடைசி வாக்கியத்தை அவள் அலர்விழியைப் பார்த்துத்தான் சொன்னாள். அலர்விழி எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

சேந்தன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "விட்டிருந்தா வந்திருப்பேனான்னு எனக்குத் தெரியல" என்றார். "வந்திருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு. தெரியலையே. ஆனா அங்க நின்னு காத்திருந்தது எப்படி இருந்துதுன்னு தெரியும். ரொம்பக் கஷ்டமா இருந்துதும்மா."

"ஆமாப்பா. கஷ்டமாத்தான் இருந்துது."

"நீ அழுதியா?"

தான் 'நீ' என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"அழல. மீன் நனைஞ்சிரும்னு அடக்கிக்கிட்டேன்."

"அதுவும் ஞாபகம் இருக்கு" என்றார் சேந்தன். தன் காதோரம் விரலை வைத்து லேசாகச் சொறிந்துகொண்டார். அலர்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சேந்தன் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார். அவள் போய் உட்கார்ந்தாள்.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டார். "நாக்கு நுனியிலயே நிக்குது."

கடலுக்குள்ளே ஒரு கடையாம் என்று அவள் மெதுவாகத் தொடங்கினாள். அவர் புதுக்கம்பியை மாட்டாமலே, மிச்சமிருந்த ஐந்து கம்பியில் சுருதி பிடித்துச் சேர்ந்துகொண்டார். மீனுக்கெல்லாம் குடையாம் என்று இருவரும் பாடினார்கள். அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தார்கள்.

அங்கே இருவருக்கும் பாட்டு மறந்துபோயிருந்தது.